சித்திரைக்கு வைத்த ஜப்பான் சோப்பு

போன மாதம் சிரம்பான் பக்கம் ரஹாங்கில் தம்பி வீட்டுக்குப் போயிருந்தேன். அவன் மகள் பேரங்காடியிலிருந்து ஒரு பிளாஸ்டிக் பெட்டி நிறைய மோச்சி வாங்கி வந்திருந்தாள். ஜப்பான்காரர்களின் புது வருடப் பலகாரமாம். அரிசியை இடித்துச் செய்வதாம், தின்றால் அதிர்ஷ்டமாம், ஆயுசு கெட்டியாம். தம்பிக்குச் சர்க்கரை வியாதி. ஒன்று போதும் என்றால் கேட்கிற பிறவியா அவன்? மூன்றாவதை வாயில் போட்டு மென்றுகொண்டே சொன்னான்: "என்னாக்கா இது, சோப்பத் திங்கிற மாதிரி வழவழன்னு இருக்கு."

எனக்கு வந்த கோபத்தில் பெட்டியைப் பிடுங்கி அலமாரி மேல் வைத்தேன். "சோப்பப் பத்தி ஒனக்கு என்னாடா தெரியும்?" என்று கத்தினேன். அவன் மகள் பயந்துபோனாள். அவனோ சிரிக்கிறான். மூன்று வயதில் நடந்தது அவனுக்கு எப்படி நினைவிருக்கும்?

ஆனால் உங்களுக்கு நினைவிருக்க வேண்டும். என் வயதுக்காரர்களுக்குத்தான் இதை எழுதுகிறேன். கோயில் மண்டபத்தில் கூடினால் மலாயாவை ஜப்பான்காரன் பிடித்திருந்த காலத்தைப் பற்றி எவ்வளவு பேசுகிறோம்! மரவள்ளிக்கிழங்கு தின்றது, சாக்கைக் கட்டிக்கொண்டு அலைந்தது, காட்டில் ஒளிந்தது என்று சொன்னதையே சொல்லிக்கொண்டிருக்கிறோம். அந்தச் சோப்புக் கதையை மட்டும் ஒருவரும் எடுப்பதில்லை. நம் தோட்டத்தில் எல்லா லயத்து வீடுகளிலும் நடந்ததுதானே? வெட்கம், வேறென்ன. இந்த வயதில் எனக்கு வெட்கப்பட நேரமில்லை.

எங்கள் ரப்பர் தோட்டம் கோலா பிலா போகிற சாலையிலிருந்து உள்ளே தள்ளி இருந்தது. வெள்ளைக்கார துரை ஓடிப்போன பிறகு பங்களாவுக்கு ஒரு ஜப்பான் துரை வந்தார். கண்ணாடி போட்ட, மெலிந்த, வயதான மனிதர். பால்வெட்டு நின்றுவிட்டது. மரங்களை வெட்டிய இடத்தில் மரவள்ளி நட்டார்கள். அதையே காலையில் அவித்தோம், மத்தியானம் அவித்தோம், மிச்சத்தைக் காயவைத்து இடித்து ரொட்டி என்று பெயர் வைத்துத் தின்றோம். எனக்கு அப்போது எட்டு வயது இருக்கும்.

என் அம்மாவுக்கு ஒரு நம்பிக்கை. சித்திரை முதல் நாள் இலையில் எது விழுகிறதோ அதுதான் வருடம் முழுக்க வாழ்க்கையில் விழும் என்பாள். அன்றைக்குப் பச்சடியில் வேப்பம்பூவின் கசப்பும் மாங்காயின் புளிப்பும் வெல்லத்தின் இனிப்பும் சேர்ந்திருக்க வேண்டும், பக்கத்தில் சோறு இருக்க வேண்டும். அதற்கு முந்தின சித்திரையில் வெல்லமும் இல்லை, அரிசியும் இல்லை. வேப்பம்பூ மட்டும் கோயில் மரத்தில் வேண்டிய மட்டும் பூத்துக் கிடந்தது. கசப்பை மட்டும் தின்றோம். இரண்டு மாதத்தில் அப்பாவைச் சயாம் ரயில் பாதை போட லாரியில் ஏற்றிக்கொண்டு போனார்கள். ஜப்பான்காரன் கொண்டுபோனான் என்று ஊரே சொன்னது. அம்மா மட்டும் பச்சடி கொண்டுபோனது என்று சொன்னாள். அப்பா திரும்பி வந்தாரா என்று கடைசிவரை காத்திருக்க வேண்டாம், இப்போதே சொல்லிவிடுகிறேன். வரவில்லை. ஆனால் அன்றைக்கு அது எங்களுக்குத் தெரியாது. அடுத்த சித்திரை இலையில் ஒரு பிடி சோறு விழுந்துவிட்டால் அவர் வந்துவிடுவார், தம்பியும் தேறிவிடுவான் என்று அம்மா உறுதியாக இருந்தாள்.

தம்பிக்குக் கால் வீங்கியிருந்தது. விரலை வைத்து அழுத்தினால் குழி விழுந்து அப்படியே நிற்கும். நடந்துகொண்டிருந்த பிள்ளை நடப்பதை விட்டுவிட்டான். தோட்டத்து ஆஸ்பத்திரியில் மருந்து கொடுக்கும் டிரெஸ்ஸர் வந்து பார்த்தார். "மருந்தெல்லாம் இல்ல. கெழங்கக் கொறைச்சிட்டு ரெண்டு வாய் சோத்துக் கஞ்சி குடு, தேறிடுவான்" என்றார். வைரத்தை அரைத்துக் கொடு என்று சொல்லியிருந்தாலும் எங்களுக்கு ஒன்றுதான்.

இப்படி இருக்கும்போதுதான் ஜப்பான்காரனுக்குப் புது வருடம் வந்தது. ஆங்கில வருடப் பிறப்புதான் அவர்களுக்கும். காலையில் ஆபீஸ் முன்னால் எல்லாரையும் நிற்க வைத்து, கிழக்கே பார்த்துக் குனிந்து கும்பிடச் சொன்னார்கள். பிறகு சிரம்பானிலிருந்து லாரியில் வந்த மரப்பெட்டியை உடைத்தார்கள். குடும்பத்துக்கு ஒன்று என்று தாளில் சுற்றிய வெள்ளைக் கட்டி கொடுத்தார்கள். உள்ளங்கை நீளம், இரண்டு விரல் கனம், கல் மாதிரி கெட்டி.

ஜப்பான் துரை மேடையில் ஏறி மகிழ்ச்சியாக ஏதோ பேசினார். மொழிபெயர்க்க, ஆபீசில் கணக்கெழுதும் எங்கள் கிராணி நின்றார். அவர் மூன்று மாதம் ஜப்பான் மொழி படித்தவர். அதில் ஒரு மாதம் வயிற்றுக்கடுப்பில் வகுப்புக்கே போகவில்லை. ஆனால் தெரியாது என்று சொல்வதைவிடச் செத்துப்போவது மேல் என்று நினைக்கிற ஜாதி. துரைக்கே சந்தேகம் வந்திருக்க வேண்டும். பேசுவதை நிறுத்திவிட்டுக் கையால் காட்ட ஆரம்பித்தார். இரண்டு கையையும் தலைக்கு மேல் தூக்கி, ஓங்கி ஓங்கிக் கீழே இறக்கினார்.

"பாத்தீங்களா? கல்லுல அடிச்சித் தொவைக்கச் சொல்றாரு. இது சாபுன். சப்பான் சாபுன்" என்றார் கிராணி. சோப்பைத்தான் மலாயில் அப்படிச் சொல்வது.

துரை எதையோ பிடித்து இழுப்பதுபோல் இரண்டு கையையும் அகல விரித்தார்.

"நல்லாப் பிழிஞ்சி ஒதறிக் காயப் போடணும்."

துரை வாயைத் திறந்து உள்ளே சுட்டிக் காட்டினார். பிறகு தொண்டையைப் பிடித்துக்கொண்டு, முகத்தைச் சுளித்து, வேண்டாம் வேண்டாம் என்று கையை ஆட்டினார். கிராணி ஒரு நிமிடம் தடுமாறினார்.

"சின்னப் புள்ளைங்க வாயில வச்சிடாமப் பாத்துக்குங்க. தொண்டையில மாட்டிக்கும்."

கடைசியாகத் துரை வயிற்றைத் தடவிச் சிரித்தார். துணி சுத்தமாக இருந்தால் வயிற்று நோய் வராதாம், அதற்கும் கிராணி அர்த்தம் சொன்னார். எல்லாரும் கை தட்டினார்கள்.

இருநூறு பேர் இருந்திருப்போம். அத்தனை பெரியவர்களில் ஒருவராவது அதை மூக்கருகே கொண்டுபோய் மோந்து பார்த்திருக்கக் கூடாதா? இன்றைக்கும் நினைத்தால் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. ஆனால் சோப்பைப் பார்த்தே ஒரு வருடத்துக்கு மேல் ஆகியிருந்தது. சாம்பலைப் போட்டுத் துவைத்து எல்லார் துணியும் ஒரே நிறமாகியிருந்தது. ஆசை கண்ணை மறைத்தது என்று இப்போது சொல்லலாம்.

மறுநாளே ஆற்றங்கரையில் ஒரே கூட்டம். நுரை வரவில்லை. "என்னாடி இது, நொரைக்கவே மாட்டேங்குது?" என்று கேட்டவர்களுக்கு, சண்டைக் காலத்துச் சோப்பு அப்படித்தான் இருக்கும் என்று கிராணி சொல்லி அனுப்பினார். தேய்க்கத் தேய்க்கத் துணியெல்லாம் பிசுபிசுத்தது. காய்ந்ததும் விறைத்து நின்றது. கஞ்சி போட்ட மாதிரி இருக்கிறது என்று சந்தோஷப்பட்டார்களே தவிர, கஞ்சி எதிலிருந்து வருகிறது என்று ஒருத்திக்கும் தோன்றவில்லை! கொடியில் காய்ந்த சட்டையை எறும்பு மொய்த்தது. கல்லில் ஒட்டியிருந்த சோப்பைக் கோழிகள் வந்து கொத்தித் தின்றன. கோழியை விரட்டினோம். கோழிக்கு இருந்த அறிவு எங்களுக்கு இல்லை.

அம்மா மட்டும் துவைக்கவில்லை. சாம்பல் போதும், இதை வைத்துக் கம்பத்தில், அதாவது பக்கத்து மலாய்க் கிராமத்தில், ஒரு பிடி அரிசி மாற்றலாம் என்று கணக்குப் போட்டாள். கல்யாணச் சேலை, பித்தளைச் செம்பு, அப்பாவின் கம்பளி என்று எல்லாம் ஏற்கெனவே கம்பத்துக்குப் போய்விட்டன. இனி மாற்றுவதற்கு இந்தக் கட்டிதான் மிச்சம். காய்ந்த சோப்பு கரையாமல் உழைக்கும் என்று அடுப்புக்கு மேலே துணியில் கட்டித் தொங்கவிட்டாள். சித்திரை நெருங்கும்போது மாற்றினால்தான் அரிசி நடுவில் தீராமல் இருக்கும் என்று அதையும் தள்ளிப்போட்டாள்.

ஒருநாள் அம்மா துணியை அவிழ்த்துப் பார்த்துக்கொண்டிருந்தபோது தம்பி தவழ்ந்து வந்து கட்டியை எடுத்து நக்கிவிட்டான். நக்கியதோடு விட்டானா? பல்லை வைத்துக் கரண்டினான். "ம்மா, சோறு" என்றான். அம்மா கன்னத்தில் ஓங்கி ஓர் அறை விட்டாள். வாய்க்குள் விரலை விட்டுத் தோண்டி, ஆறு தடவை தண்ணீர் ஊற்றிக் கொப்பளிக்க வைத்தாள். "சாபுனத் திங்கிற அளவுக்கா போயிட்டே?" என்று கேட்டு, அடித்ததற்கு அவளே அழுதாள். நானும் அவனைத் திட்டினேன். தோட்டத்திலேயே விஷயம் தெரிந்த ஒரே ஆளுக்கு அன்றைக்கு அறைதான் கிடைத்தது.

சித்திரைக்குப் பதினோரு நாள் இருக்கும்போது கிளம்பினோம். தம்பியை அம்மா இடுப்பில் வைத்துக்கொண்டாள். கட்டி என் கையில். வெயில் ஏறுவதற்குள் கம்பத்துக்குப் போய்ச் சேர்ந்தோம். வயலோரம் கட்டைக்கால் மேல் நின்ற வீடு ஒன்றில், அம்மாவின் சேலையை முன்பு வாங்கிக்கொண்ட மலாய் அம்மாள் இருந்தாள். மலாயில் அத்தை என்பதுபோல் மாக்சிக் என்று கூப்பிடுவோம். அவள் விளைத்த நெல்லையும் ஜப்பான்காரன் அள்ளிக்கொண்டு போயிருந்தான். இருந்தாலும் பானையடியில் ஏதாவது இருக்கும் என்று அம்மா நம்பினாள்.

"மாக்சிக், இது சாபுன். சப்பான் சாபுன். பாகுஸ். கொஞ்சம் பெராஸ் குடுங்க" என்று, நல்ல சோப்புக்குக் கொஞ்சம் அரிசி கேட்டு அம்மா கையை ஏந்தினாள்.

மாக்சிக் கட்டியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். மோந்து பார்த்தாள். மூன்று மாதம் கழித்து, மோந்து பார்க்க ஓர் ஆள் கிடைத்தாள்! பிறகு ஓரத்தில் கடித்தாள்.

"ஐயோ மாக்சிக், தின்னாதீங்க, சாபுன், சாபுன்!" என்று அம்மா பதறிப்போய் அவள் கையைப் பிடித்தாள்.

"சாபுன் அப்பா! இனி புலுட் லா. மாக்கான்!" என்றாள் மாக்சிக். என்ன சோப்பு, இது புலுட், ஒட்டுகிற பசை அரிசி, தின்பது என்கிறாள். அம்மா நம்பவில்லை. மாக்சிக் ஓரத்திலிருந்து ஒரு சில்லை உடைத்து அடுப்புத் தணலில் வைத்தாள். கொஞ்ச நேரத்தில் அது புஸ்ஸென்று உப்பி, மேலே பொன்னிறமாகி வெடித்தது. வந்தது பாருங்கள் ஒரு வாசனை, பொங்கல் பானையில் அடிப்பிடித்தால் வருமே, அந்த வாசனை. மாக்சிக் அதை ஊதி ஆற்றி, துளித் துளியாகப் பிய்த்துத் தம்பி வாயில் வைத்தாள். அவன் அழவில்லை. மென்றுகொண்டே அம்மாவைப் பார்த்தான். அறை வரும் என்று பார்த்தான்.

அம்மா அப்படியே உட்கார்ந்துவிட்டாள். அரிசி கொடுத்து அரிசி வாங்க ஆறு மைல் நடந்திருந்தோம்.

மாக்சிக் நினைத்திருந்தால் பேசாமல் ஒரு பிடி அரிசியைக் கொடுத்துவிட்டு அந்தக் கட்டியை வைத்துக்கொண்டிருக்கலாம். எங்களுக்குத் தெரிந்திருக்கவே போகிறதில்லை. அவள் அதை அம்மாவின் முந்தானையிலேயே திருப்பி வைத்து, இரண்டு மாங்காயையும் போட்டாள். கொடுக்க அவளிடம் அரிசி இல்லை. பானையைக் கவிழ்த்தே காட்டினாள்.

திரும்பும் வழியெல்லாம் அம்மா கிராணியை வைதுகொண்டே வந்தாள். தோட்டத்துக்குள் நுழைந்ததும் நேராக ஆபீசுக்குப் போனாள்.

"கிராணி ஐயா, அது சாபுன் இல்லீங்க. அரிசி. சனமெல்லாம் அரிசிய ஆத்துல கரைச்சிட்டு வந்திருக்கு."

கிராணி முகம் வெளுத்துவிட்டது. எழுந்து போய்க் கதவைச் சாத்தினார். "மெதுவாப் பேசு புள்ள. வெளிய தெரிஞ்சா சனங்க என்னை அடிச்சே கொன்னுடும். ஒம் புள்ளைங்க மேல சத்தியமா யாருகிட்டயும் சொல்லாத."

அவர் போட்டிருந்த வெள்ளைச் சட்டையும் விறைப்பாகத்தான் நின்றது. அவர் வீட்டுப் பங்கு அதில்தான் இருந்தது. அம்மா அந்தச் சட்டையைப் பார்த்துவிட்டுக் கதவைத் திறந்துகொண்டு வந்துவிட்டாள். வாயை மூடிக்கொண்டும் இருந்தாள். ஆனால் இந்த மாதிரி விஷயம் நிற்குமா? ஒரு மாதத்தில் எல்லா லயத்துக்கும் தெரிந்துவிட்டது. கிராணியை ஒருவரும் அடிக்கவில்லை. தாங்களும் துவைத்ததை ஒத்துக்கொள்ளாமல் அவரை எப்படி அடிப்பது?

சரி, அரிசி என்று தெரிந்துவிட்டது. பிள்ளைக்குக் கால் வீங்கியிருக்கிறது. கஞ்சி கொடு என்று டிரெஸ்ஸர் சொல்லியிருக்கிறார். புத்தியுள்ளவர்கள் என்ன செய்வார்கள்? அன்றைக்கே காய்ச்சிக் கொடுப்பார்கள். என் அம்மா கட்டியைத் துணியில் சுற்றி, மூன்று முடிச்சுப் போட்டு, துருப்பிடித்த பிஸ்கட் டின்னில் வைத்து மூடினாள்.

"ஏம்மா, தம்பிக்கு இப்பவே குடும்மா."

"சித்திரைக்கு."

"இன்னும் பதினோரு நாளு இருக்கும்மா!"

"போன வருசம் எலையில என்னா விழுந்துச்சு? கசப்பத் தின்னோம், ஒங்கப்பன் போனாரு. இந்த வருசம் எலையில சோறு விழணும். அதுவரைக்கும் எவளாச்சும் டின்னுல கை வச்சீங்க, கைய ஒடிச்சிடுவேன்."

எவளாச்சும் என்றால் வீட்டில் நான் ஒருத்திதான்.

எனக்கு அவள் மேல் வந்த ஆத்திரத்தை இப்போதும் சொல்லத் தெரியவில்லை. வீட்டுக்குள் அரிசி இருக்கிறது, பக்கத்தில் பிள்ளை கிடக்கிறான், நடுவில் ஒரு நல்ல நாள் வந்து குறுக்கே உட்கார்ந்திருக்கிறது. மறுநாள் அம்மா மரவள்ளிக்காட்டுக்குப் போனதும் நான் டின்னைத் திறந்தேன். முடிச்சை அவிழ்த்தால் அம்மா போட்ட மாதிரி திரும்பப் போட எனக்கு வராது. அதனால் துணியின் ஒரு முனையை மட்டும் ஒதுக்கி, வெளியே தெரிந்த நுனியைச் சுரண்டினேன். அப்பா விட்டுப்போன பால் வெட்டும் கத்தி வாசலில் செருகியிருந்தது. வளைந்த முனை, மரப்பட்டையில் வாய்க்கால் போடுகிற கத்தி. ஒரு தேக்கரண்டித் தூள் விழுந்தது. சிரட்டைத் தண்ணீரில் கரைத்துக் காய்ச்சினால் பசை மாதிரி இரண்டு வாய் வந்தது. தம்பி நக்கி முடித்துவிட்டு என் விரலையும் நக்கினான். சிரட்டையைக் கழுவி, அடுப்பை அணைத்து, சாம்பலைக் கலைத்துவிட்டேன்.

இப்படிப் பத்து நாள். ஒவ்வொரு நாளும் கட்டி நான் நினைத்ததைவிட லேசாக இருந்தது. ஒரு தேக்கரண்டிக்கு இவ்வளவா குறையும் என்று பயந்தேன். ஆனாலும் நிறுத்தவில்லை. ஏழாம் நாளோ எட்டாம் நாளோ தம்பியின் காலை அழுத்தினால் குழி சீக்கிரம் மறைந்தது. சுவரைப் பிடித்துக்கொண்டு எழுந்து நின்றான். பிறகு கை தட்டினான், விழுந்தான்.

சித்திரை பிறந்தது. அம்மா குளித்து, கோயில் மரத்து வேப்பம்பூவும் மாக்சிக்கின் மாங்காயும் போட்டு, வெல்லத்துக்குப் பதிலாக ஒரு கனிந்த வாழைப்பழத்தைப் பிசைந்து பச்சடி செய்தாள். நான்கு இலை போட்டாள், அப்பாவுக்கும் சேர்த்து. பிறகு பிஸ்கட் டின்னை எடுத்தாள். மூன்று முடிச்சையும் அவிழ்த்தாள். துணிக்குள் என் கட்டைவிரல் அளவுக்கு ஒரு துண்டு கிடந்தது.

முதுகில் அடி விழும் என்று கண்ணை மூடிக்கொண்டேன். விழவில்லை. திறந்து பார்த்தால் அம்மா என் பக்கமே திரும்பாமல் துண்டைக் கையில் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"எலி" என்றாள்.

"ஆமாம்மா, எலிதான்" என்றேன்.

"பாழாப்போன எலி" என்று சொல்லிவிட்டுத் துண்டைக் கொதிக்கிற தண்ணீரில் போடக் கையை நீட்டினாள். அப்போதுதான் நான் அதைச் சரியாகப் பார்த்தேன். ஒரு முனையில் என் கத்தி போட்ட வாய்க்கால். துணிக்குள் மூடியிருந்த மறுமுனையில் வரி வரியாக, சீப்பால் இழுத்ததுபோல் பல் பல்லான கோடுகள். எங்கள் வீட்டுத் தேங்காய்த் துருவியின் பற்கள் அவை. நான் தண்ணீருக்கும் விறகுக்கும் போகிற நேரத்தில் எந்த எலி துருவியை எடுத்துப் போட்டு உட்கார்ந்தது?

கஞ்சியை நான்கு இலையிலும் ஒவ்வொரு கரண்டி விட்டாள். அப்பா இலையில் விழுந்ததைத் தம்பிக்கு ஊட்டினாள். "இந்த வருசம் சோறு விழுந்திடுச்சு" என்றாள்.

அவள் சட்டத்தை அவளே உடைத்ததற்காக எனக்குச் சந்தோஷமாக இருந்திருக்க வேண்டும். இல்லை, எரிச்சலாகத்தான் இருந்தது, இன்றைக்கும் இருக்கிறது. ஒரு வீட்டில் இரண்டு பேர், ஒரு பிள்ளை, ஒரு கட்டி அரிசி. ஒருத்திக்கு ஒருத்தி வாயைத் திறந்து சொல்லியிருந்தால் ஒளித்து ஒளித்துப் பசை காய்ச்சியிருக்க வேண்டாம். தணலில் சுட்டு, உப்ப வைத்து, அவனுக்கு ஒரு நாளாவது வயிறு நிறையக் கொடுத்திருக்கலாம். சொல்லவில்லை. அன்றைக்கும் இல்லை, சண்டை முடிந்த பிறகும் இல்லை. அம்மா அதற்குப் பிறகு முப்பது சித்திரை பார்த்தாள். ஒவ்வொரு சித்திரைக்கும் பச்சடி கிளறும்போது அந்த எலியின் பேச்சு வந்துவிடும். நாங்கள் இருவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல், சேர்ந்தே அதைத் திட்டுவோம்.